174 எப்படி 216 ஆகிறது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சிங்கப்பூரின் ஜாலான் காயு பரோட்டாக் கடையில் நண்பரின் மருமகன் ஒரு தாளை மேசைமேல் விரித்தான். அடுத்த வாரம் அவன் கைக்கு வரப்போகும் இரண்டாம் தலைமுறை சுசுகி ஹயபூசா பைக்கின் டைனோ தாள், அதாவது குதிரைத்திறனை அளக்கும் இயந்திரம் அச்சிட்டுத் தந்தது. முழு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாற்றி, ஈசியூ ரீமேப் செய்த, அதாவது இன்ஜினை ஆளும் கணினியின் அமைப்பைத் திருத்திய வண்டி. தாளின் உச்சியில் விற்பவர் பேனாவால் 216 என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். விளம்பரத்திலும் அதே எண்தான். நடுவில் அச்சான பெரிய எழுத்தில் 185. அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் பொடி எழுத்தில் 174.

"அண்ணே, இதுல எது நிஜம்?" என்றான்.

அவன் பெரிய பைக்குகளுக்கான கிளாஸ் 2 உரிமம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிறிய பைக்குக்கு 2பி, நடுத்தரத்துக்கு 2ஏ என்று படிப்படியாக ஏறி வந்தவன். அவன் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த மூன்று எண்களும் ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே ஓட்டத்தில் பிறந்தவை. நடுவில் ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை. 174 எப்படி 216 ஆனது என்று புரிந்துவிட்டால், மாற்றியமைத்த பெரிய பைக்குகளின் குதிரைத்திறன் பற்றி நம் ஊரில் நடக்கும் சண்டைகளில் பாதி அடங்கிவிடும். அதனால்தான் அன்று இரவு பேசியதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 174. பின்சக்கரத்தைக் கனமான ஒரு இரும்பு உருளைமேல் நிறுத்தி, வண்டியை நான்கு பக்கமும் வாரால் இழுத்துக் கட்டுவார்கள். முன்னால் ஒரு பெரிய விசிறி. நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் போட்டு, கீழ்ச்சுற்றிலிருந்து ரெட்லைன் (இன்ஜினின் உச்சச் சுற்று) வரை ஒரே மூச்சில் திராட்டில் முறுக்குவார்கள். உருளையின் எடையும் அளவும் கணினிக்குத் தெரியும். அத்தனை கனத்தை எத்தனை விரைவில் சுழற்றிவிட்டது என்று பார்த்தால், சக்கரம் தந்த திறன் வந்துவிடும். அந்தத் திறனை இன்ஜின் சுற்றோடு சேர்த்துப் பார்த்தால் முறுக்குவிசை. இரண்டுக்கும் உள்ள உறவு எளிமையானது: நியூட்டன் மீட்டரில் முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். சூடான டயரின் ரப்பர் வாசனை அறை முழுக்க நிற்கும். பத்துப் பதினைந்து வினாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த அறையில் அன்று இருந்த காற்றில், அந்தச் சக்கரம் உண்மையில் கொடுத்தது 174. இதில் யாருடைய கணக்கும் கலக்கவில்லை.

அடுத்து 185. இங்கேதான் நம் ஊர் வெயிலும் புழுக்கமும் வருகின்றன. இன்ஜினுக்குள் எரிவது பெட்ரோல் என்றாலும், எவ்வளவு எரியலாம் என்பதைத் தீர்மானிப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன்தான். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. ஈரக் காற்றில் நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிங்கப்பூர்ப் பட்டறை ஒன்றில் 31 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றழுத்தம் சுமார் 100.9 கிலோபாஸ்கல். அதில் 3 கிலோபாஸ்கலுக்கு மேல் வெறும் நீராவி. அது எரிய உதவாது. அதே வண்டியைக் குளிர்ந்த நாடு ஒன்றில் ஓட்டினால் எண் கூடத்தான் செய்யும்.

ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும் இந்த வேறுபாட்டைச் சமன்செய்யத்தான் திருத்தக் காரணிகளை வகுத்தார்கள். இது நேர்மையான ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால் திருத்தம் ஒன்றுக்கு மேற்பட்டது உண்டு. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் இன்றைய திருத்தம் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர் காற்றை அளவுகோலாக வைக்கிறது. பழைய எஸ்டிடி (ஸ்டாண்டர்ட்) திருத்தமோ சுமார் 15.5 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல் உலர் காற்றை எடுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று குளிர்ந்தது, அடர்ந்தது. ஆகவே அதில் வரும் எண்ணும் பெரிது. நான் சொன்ன பட்டறைக் காற்றுக்குக் கணக்குப் போட்டால், எஸ்ஏஇ முறையில் 174 சுமார் 179 ஆகும். எஸ்டிடி முறையில் 185 ஆகும். கணினியில் ஒரு தேர்வை மாற்றினால் போதும், 6 குதிரை கூடிவிடும். அவ்வளவு கூட்ட நல்ல சைலன்சர் ஒன்றுக்கு எத்தனை வெள்ளி கொடுக்க வேண்டும் என்று பைக் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

எஸ்டிடி என்று போடுவது குற்றம் ஒன்றும் இல்லை. தாளின் மூலையில் எது என்று அச்சாகியிருக்கும். ஆனால் ஒருவர் எஸ்டிடி எண்ணைச் சொல்ல, இன்னொருவர் எஸ்ஏஇ எண்ணைச் சொல்ல, இருவரும் யார் வண்டி பெரிது என்று மல்லுக்கட்டுவதில் அர்த்தமே இல்லை. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே ஊட்டும் கருவி, போட்ட வண்டிகளில் இது இன்னும் மோசம். அங்கே இன்ஜினுக்குள் போகும் அழுத்தத்தை வேஸ்ட்கேட் என்ற வால்வோ பூஸ்ட் கன்ட்ரோலரோ பார்த்துக்கொள்கிறது. வெளிக்காற்று கொஞ்சம் மெலிந்தாலும் டர்போ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். இயல்பாக மூச்சு வாங்கும் இன்ஜினுக்காக எழுதிய திருத்தத்தை அதன் தலையில் அப்படியே ஏற்றினால், இல்லாத குதிரைகள் தாளில் வந்து நிற்கும்.

சரி, 185 எப்படி 216? இதுதான் பெரிய தாவல், இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

தயாரிப்பாளர் சொல்லும் எண் இன்ஜினின் கிராங்க் தண்டில் அளந்தது. சாலைக்கு வரும் முன் அந்தத் திறன் கிளட்ச், கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் தாண்டி வர வேண்டும். வழியில் கொஞ்சம் வெப்பமாகக் கரையும். செயின் பைக்குகளில் 10 முதல் 15 சதவீதம் என்று தொழிலில் இருப்பவர்கள் கணக்கு வைக்கிறார்கள். இந்த ஹயபூசாவுக்குச் சுசுகி சொன்னது 197 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). மாற்றம் செய்யாத வண்டியே உருளையில் 170-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதில் மோசடி எதுவும் கிடையாது. அளக்கும் இடம் வேறு, அவ்வளவுதான்.

விற்பவர் செய்தது என்னவென்றால், சக்கரத்தில் வந்த 185-உடன் 15 சதவீதத்தைக் கூட்டி 213 ஆக்கினார். பிறகு அதை மெட்ரிக் குதிரைத்திறனாக மாற்றினார். ஜப்பானியரும் ஐரோப்பியரும் பயன்படுத்தும் பிஎஸ் 735.5 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த பிரிட்டிஷ் குதிரைத்திறன் 745.7 வாட். அலகு சிறியதானால் எண் பெரிதாகும். 213 இப்போது 216. கம்பெனி எண்ணான 197-உடன் ஒப்பிட்டால், எக்ஸாஸ்டும் ரீமேப்பும் 19 குதிரையைக் கூட்டிவிட்டன என்று தோன்றும்.

அந்த 15 சதவீதத்தை யாரும் அளக்கவில்லை. ஊகம். அதுவும் இன்ஜின் வலிமை கூடக் கூட இந்த ஊகம் அபத்தமாகிறது. டர்போ ஹயபூசா ஒன்று சக்கரத்தில் 300 தருகிறது என்று வையுங்கள். 15 சதவீத இழப்பு என்று திருப்பிக் கணக்குப் போட்டால் கிராங்கில் 353 வரும். அப்படியானால் நடுவில் 53 குதிரை, அதாவது 39 கிலோவாட்டுக்கு மேல், வெப்பமாக வெளியேற வேண்டும். கியர்பாக்ஸும் ஒரு செயினும் அத்தனை வெப்பத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? உராய்வு இழப்பில் ஒரு பங்கு சுற்று வேகத்தைப் பொறுத்தது. இன்ஜின் இருமடங்கு பலமானதால் அந்தப் பங்கும் இருமடங்காகிவிடாது. ஆகவே மாற்றியமைத்த வண்டியைப் பற்றிப் பேசும்போது சக்கரத்தில் அளந்த எண்ணைச் சொல்வதுதான் சரி. கிராங்க் எண் வேண்டுமென்றால் இன்ஜினைக் கழற்றி மேடையில் ஏற்றி அளக்க வேண்டும். நம் ஊரில் தன் பைக்குக்கு அதைச் செய்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இதைச் சொன்னதும் அவன், "அப்போ கம்பெனிக்காரன் சொல்றது மட்டும் வேதமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கம்பெனி எண்ணும் ஏதோ ஒரு நிபந்தனைக்கு உட்பட்டதுதான்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஹோண்டா சூப்பர் ஃபோர், 400 சிசி, 2ஏ உரிமம் எடுத்த பாதிப் பேரின் கனவு. அதன் எண் நீண்ட காலம் 53 பிஎஸ். அந்த 53 எங்கிருந்து வந்தது? ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தமக்குள் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 400 சிசிக்கு முதலில் 59, 1992-க்குப் பிறகு 53. 750 சிசிக்கு 77. அந்த வரம்பு 2007-இல்தான் நீங்கியது. அதாவது, இன்ஜினால் முடிந்ததை அந்த எண் சொல்லவில்லை, ஒப்பந்தம் அனுமதித்ததைச் சொன்னது.

மறுபக்கம் டுகாட்டி. 2023 பனிகாலே வி4 ஆர் மாடலுக்கு அந்த நிறுவனமே மூன்று எண்கள் சொல்கிறது: சாலைக்கு வரும் நிலையில் 218, பந்தய எக்ஸாஸ்ட் போட்டால் 237, அதோடு அதற்கென்றே உருவாக்கிய சிறப்பு எண்ணெயும் ஊற்றினால் 240.5. மூன்றும் வெளிப்படையாக, நிபந்தனையோடு சொன்னவை. ஆனால் காப்பிக்கடை மேசைக்கு வரும்போது நிபந்தனை உதிர்ந்து 240 மட்டும் மிஞ்சுகிறது.

அளக்கும் விதி மாறினாலே எண் மாறிவிடும் என்பதற்குக் கார் உலகில் நல்ல உதாரணம் உண்டு. எஸ்ஏஇ தன் சோதனை விதிகளை இறுக்கிய பிறகு, அமெரிக்காவில் விற்ற டொயோட்டா கேம்ரி வி6 காரின் எண் 2006 மாடலில் 210-இலிருந்து 190-க்கு இறங்கியது. இன்ஜின் அதே இன்ஜின்தான்.

ராம் ஏர் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது டைனோவில் பிடிபடவே பிடிபடாது. கவாசாக்கி 2015-இல் விட்ட நிஞ்சா எச்2 மாடலுக்கு 200 பிஎஸ் என்றும், ராம் ஏரோடு 210 என்றும் அறிவித்தது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று முன்வாய்க்குள் திணிகிறது, அழுத்தம் ஏறுகிறது. கணக்குப் பார்த்தால் மணிக்கு 300 கிலோமீட்டரில் அந்தக் கூடுதல் அழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கல், அதாவது 4 சதவீதம். கம்பெனி சொல்லும் 10 குதிரைக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. நம் விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பான 90 கிலோமீட்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. 200 குதிரை வண்டிக்கு ஒரு குதிரைகூடத் தேறாது. கூரைக்கு அடியில், நின்ற இடத்தில், விசிறிக்கு முன்னால் ஓடும் வண்டிக்கும் அதே கதிதான்.

இந்த எண்களை யாராவது சரிபார்க்கிறார்களா? காருக்குச் சரிபார்க்கிறார்கள். வாகனம் வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழில், 2014 முதல், பெட்ரோல் கார் ஒன்று சிறிய கார்களுக்கான ஏ பிரிவுக்குள் வர வேண்டுமானால் 1,600 சிசிக்கு மேற்படாமல் இருப்பதோடு 97 கிலோவாட்டுக்கும் மேற்படக்கூடாது. அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றே கார் இன்ஜின்களின் திறனைக் குறைத்துக் கொண்டுவருகிறார்கள். எண்ணுக்குச் சட்டத்தில் இடம் இருப்பதால் அதற்கு மரியாதை இருக்கிறது. பெட்ரோல் மோட்டார்சைக்கிளுக்கு இங்கே அப்படி எதுவும் கிடையாது. உரிமம் சிசியை வைத்து, சாலை வரியும் சிசியை வைத்து. ஐரோப்பாவில் ஏ2 உரிமத்துக்கு 35 கிலோவாட் வரம்பு உண்டு, நமக்கு அதுவும் இல்லை. மூன்று வருடம் தாண்டிய பைக்கை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே புகை பார்ப்பார்கள், சத்தம் பார்ப்பார்கள், பிரேக் பார்ப்பார்கள். எக்ஸாஸ்ட் மாற்றியிருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்கும் வகையா என்று பார்ப்பார்கள். எத்தனை குதிரை என்று கேட்க மாட்டார்கள். ஆகவே பைக்கின் குதிரைத்திறன் நம் ஊரில் விற்பவர் வாயிலும் வாங்குபவர் ஆசையிலும் மட்டுமே வாழும் எண். சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, உரிமைச் சான்றிதழ் விலையும் சேர்த்துக் கட்டி வாங்கும் பையன்கள் அந்த எண்ணை நம்பித்தான் கூடுதலாகச் சில ஆயிரம் வெள்ளி கொடுக்கிறார்கள். அதனால்தான் இதை வெறும் அரட்டை என்று என்னால் விட முடியவில்லை.

டைனோவே இல்லாமல் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. நேர்கோட்டில் சீறிப் போட்டியிடும் டிராக் (drag) பந்தயக்காரர்கள் காலங்காலமாகக் கையாள்வது. கால் மைல் தூரத்தின் முடிவில் வண்டி என்ன வேகத்தில் கடக்கிறது என்பது கிட்டத்தட்ட முழுக்கத் திறனையும் எடையையும் பொறுத்தது. ஓட்டுநரின் சாமர்த்தியம் நேரத்தை மாற்றும், கடக்கும் வேகத்தை அவ்வளவாக மாற்றாது. சக்கரக் குதிரைத்திறனை வண்டியும் ஆளும் சேர்ந்த எடையால், கிலோவில், வகுத்து, கனமூலம் எடுத்து, 289-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். ஹயபூசாவும் 75 கிலோ ஆளும் சேர்ந்தால் 341 கிலோ. 175 குதிரை என்றால் சுமார் 231. யாராவது சக்கரத்தில் 300 என்றால், அவர் 277-இல் கடந்திருக்க வேண்டும். 240-இல் கடந்த வண்டிக்கு 300 குதிரை இருக்க வழியில்லை, தாளில் என்ன அச்சாகியிருந்தாலும் சரி. இதைச் சிங்கப்பூர்ச் சாலையில் பார்க்க நினைக்காதீர்கள். இங்கே அதற்கு இடமே இல்லை. பார்க்க வேண்டுமானால் எல்லை தாண்டி, முறையாக நடக்கும் நிகழ்வில்தான்.

இத்தனைக்கும் பிறகு டைனோவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றோடொன்று ஒப்பிட அதைவிட நல்ல கருவி நமக்குக் கிடையாது. ஆனால் ஒப்பிட வேண்டியது அதே வண்டியை, அதே உருளையில், அதே கியரில், அதே டயர் காற்றில், அதே திருத்தத்தில், இன்ஜின் அதே சூட்டில் இருக்கும்போது. வாரைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால்கூட டயர் உருளையில் அழுந்தி எண் இறங்கும். அடுத்தடுத்து மூன்று ஓட்டம் ஓட்டினால் மூன்றாவது பெரும்பாலும் முதலாவதைவிடக் குறைவாக வரும். அந்த விசிறி எவ்வளவு ஊதினாலும் இன்ஜின் வெந்துவிடுகிறது. இரண்டு பட்டறைகளின் எண்களை அக்கம்பக்கம் வைத்து 5 குதிரைக்குச் சண்டை போடுவது வீண் வேலை.

மருமகனிடம் இருந்த பெரிய குறை அதுதான். மாற்றம் செய்வதற்கு முன் ஓட்டிய தாள் இல்லை. 'பின்' மட்டும் இருக்கிறது, 'முன்' கிடையாது. அப்படியிருக்க எவ்வளவு கூடியது என்று எதை வைத்துச் சொல்ல?

நல்லவேளை, விற்பவர் பழைய எக்ஸாஸ்டையும் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். வண்டி கைக்கு வந்ததும், சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் நேரம் வாங்கினோம். முதலில் இருந்தபடியே மூன்று ஓட்டம். ஆறவிட்டு, எக்ஸாஸ்டைக் கழற்றிப் பழையதை மாட்டி, கம்பெனி மேப்பையும் திரும்ப ஏற்றி, இன்னும் மூன்று. எல்லாம் எஸ்ஏஇ, எல்லாம் ஐந்தாவது கியர். உச்சத்தில் வித்தியாசம் 9 குதிரை. விளம்பரத்தின் 19 கிடையாது, ஆனாலும் 9 சும்மா இல்லை. நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள்.

ஆனால் நான் அவனைப் பார்க்கச் சொன்னது உச்சியை இல்லை. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டு வாங்கினோம். கோடுகள் 6,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதற்கு மேலே புது எக்ஸாஸ்ட் ஜெயிக்கிறது. அதற்குக் கீழே, 4,000-க்கும் 5,500-க்கும் நடுவில், பழையது 4, 5 குதிரை கூடுதலாகத் தருகிறது. சுசுகியே 2021-இல் மூன்றாம் தலைமுறை ஹயபூசாவை விட்டபோது உச்ச எண் 197-இலிருந்து 190-க்கு இறங்கியது; பதிலுக்கு நடுச்சுற்றுகளில் முறுக்குவிசையைக் கூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது பலர் வண்டி பின்னுக்குப் போய்விட்டது என்று திட்டினார்கள். உச்சி எண்ணை மட்டும் பார்த்த திட்டு அது.

விரைவுச்சாலையில் 90-இல் கடைசிக் கியரில் போகும்போது அந்த இன்ஜின் 4,000 சுற்றைக்கூட எட்டாது. வேலைக்குப் போய் வரும் அவன் 6,000-ஐத் தொடுவது எப்போதாவது ஒரு முறை.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்தான். "நான் தினமும் ஓட்டுறது இதுக்கு இடப்பக்கமாண்ணே?"

"ஆமாம்பா."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பட்டறைக்காரரிடம் போய், புது எக்ஸாஸ்டையே மாட்டி, 6,000-க்குக் கீழே மட்டும் மேப்பைத் திருத்தினால் அந்தப் பள்ளத்தில் எவ்வளவு மீளும் என்று கேட்டான். பாதி மீளும், முழுக்க வராது, குழாயின் நீளமும் விட்டமும் சேர்ந்து செய்கிற வேலை அது என்றார் அவர். அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டு வந்தோம். பேனா வட்டம் போட்ட பழைய தாளை அவன் இன்னும் தூக்கிப் போடவில்லை. 216-க்குப் பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்: 174, சக்கரத்தில், திருத்தம் இல்லாமல்.